ஓருகல்லின் தோரணங்களும் நூறு மீட்டர் சட்டமும்
நமது நாடாளுமன்ற நிருபர்

புது தில்லி: நாட்டின் முதல் மண்டலப் பொறியியல் கல்லூரிக்கு 1959-ல் நேரு அடிக்கல் நாட்டிய ஊர் வாரங்கல். திருச்சியில் அத்தகைய கல்லூரி அமைந்தது ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகுதான். இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகமாக உயர்ந்துள்ள அக்கல்லூரியுடன், 1976-ல் தோன்றிய காகதீயப் பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து வாரங்கல், ஹனம்கொண்டா, காஜிப்பேட்டை ஆகிய மூன்று ஊர்களையும் ஒரே மாணவர் நகரமாக்கிவிட்டன. 2022-ல் யுனெஸ்கோவின் கற்கும் நகரங்கள் பட்டியலிலும் வாரங்கல் இடம்பெற்றது.

ஆனால் அதே யுனெஸ்கோவின் மற்றொரு பட்டியலில் இந்நகரம் இடம்பெறவில்லை. காகதீயர் கோயில்களும் தோரண வாயில்களும் என்ற பெயரில் மூன்று இடங்கள் 2014-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2021 ஜூலையில் அங்கீகாரம் பெற்றதோ, சுமார் 70 கி.மீ. தொலைவில் பாலம்பேட்டையிலுள்ள ராமப்பா கோயில் மட்டுமே. நகருக்குள் இருக்கும் ஆயிரங்கால் கோயிலும் கோட்டையும் இறுதிப் பரிந்துரையில் இல்லை. கடைகளும் வீடுகளும் நெருக்கியடித்து நிற்கும் அவற்றின் சுற்றுப்புறத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு ஏற்படாது.

ராமப்பா கோயில், கணபதிதேவரின் தளபதி ரேசர்ல ருத்ரனால் 1213-ல் எழுப்பப்பட்டது. மன்னன் பெயரோ இறைவன் பெயரோ இன்றிச் சிற்பியின் பெயரால் அது வழங்குவதாகக் கூறுவது மரபு. மணல் நிரப்பிய குழியின் மீது அடித்தளம், நீரில் மிதக்கும் அளவுக்கு எடை குறைந்த செங்கற்களால் ஆன விமானம் என அதன் கட்டுமான நுட்பம் பொறியாளர்களை இன்றும் ஈர்க்கிறது. அங்கீகாரத்துக்கான முயற்சியில் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் முன்னின்று நடத்தும் காகதீய பாரம்பரிய அறக்கட்டளைக்குப் பெரும்பங்கு உண்டு. கல்லூரி நகரமாக இருப்பதன் பயன் அது.

ஹனம்கொண்டாவின் ஆயிரங்கால் கோயில் இதைவிட அரை நூற்றாண்டு பழமையானது. சிவன், விஷ்ணு, சூரியன் ஆகிய மூவருக்கும் தனித்தனிக் கருவறைகளுடன் ருத்ரதேவர் 1163-ல் கட்டியது. எதிரிலுள்ள கல்யாண மண்டபத்தைத் தொல்லியல் துறை 2000-களின் நடுப்பகுதியில் கல் கல்லாகக் கழற்றியது. மீண்டும் பொருத்தித் திறந்தது 2024 மார்ச்சில். இடைப்பட்ட காலத்தில் பொறியியல் கல்லூரியில் நான்கு தலைமுறை மாணவர்கள் சேர்ந்து பட்டமும் பெற்றுச் சென்றுவிட்டனர்!

கோட்டையின் நிலை வேறு. நடுவே சுயம்பு சிவாலயம் இருந்த இடத்தைச் சுற்றி நான்கு திசைகளிலும் கற்தோரணங்கள் மட்டும் நிற்கின்றன. 1323-ல் உலுக் கானின் படையெடுப்பில் காகதீயர் ஆட்சி முடிவுற்றது, கோயிலும் அழிந்தது. அத்தோரணமே 2014-ல் தெலங்கானாவின் அரசு முத்திரையில் இடம்பெற்றது. அதை நீக்கி முத்திரையை மாற்ற 2024-ல் மாநில அரசு முற்பட்டபோது எதிர்ப்புக் கிளம்பியதும், புதிய முத்திரை வெளியீடு ஒத்திவைக்கப்பட்டதும் அரசியல் நோக்கர்கள் அறிந்ததே.

முத்திரைக்காகக் குரல் கொடுத்த கட்சிகள், கோட்டைக்குள் குடியிருப்போர் குறித்து அதே வேகத்தில் பேசியதாகத் தெரியவில்லை. கல்மதிலின் விட்டம் ஏறக்குறைய 1.2 கி.மீ.; அதற்கு வெளியேயுள்ள மண்மதிலின் விட்டம் 2.4 கி.மீ. இவற்றுக்குள் ஆயிரக்கணக்கானோர் தலைமுறைகளாக வாழ்கின்றனர். கோட்டை வாயில்களின் வழியேதான் சாலை செல்கிறது.

இங்குதான் தில்லி குறுக்கிடுகிறது. தொன்மைச் சின்னங்கள் சட்டத்தில் 2010-ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு. பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் பரிந்துரை வேண்டும். மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாமல்லபுரத்தில் வசிப்போருக்கும் இந்த விதி புதிதல்ல. தாஜ்மகாலுக்கும், தில்லி உயிரியல் பூங்காவுக்குள் நிற்கும் மைல் தூணுக்கும் ஒரே அளவுகோல் என்பதுதான் இச்சட்டத்தின் கோளாறு. நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. அது இல்லாதிருந்தால் தோரணங்களை ஒட்டியே அடுக்குமாடிகள் எழுந்திருக்கும்.

மாற்றும் முயற்சி ஒருமுறை நடந்தது. தடை செய்யப்பட்ட பகுதியில் மத்திய அரசின் பொதுப்பணிகளை அனுமதிக்கும் மசோதாவை 2018 ஜனவரியில் மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவை அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. 2019-ல் மக்களவை கலைந்ததும் மசோதா காலாவதியானது. சாலைக்கும் மேம்பாலத்துக்கும் வழிவிட்ட அம்மசோதாவில், ஒழுகும் கூரையை மாற்ற விரும்பும் குடியிருப்பாளருக்கு எதுவும் இல்லை. 2023-ல் நாடாளுமன்ற நிலைக்குழு இந்த இடர்ப்பாட்டைத் தொட்டது. ஒரு கிராமம் முழுவதுமே 100 மீட்டருக்குள் அடங்கிவிடும் இடங்கள் இருப்பதைச் சுட்டிக்காட்டி, விதியை மறுபரிசீலனை செய்யுமாறு கோரியது.

ஆனால் புதிய சட்டம் இல்லாமலே வழி உண்டு. ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனிப் பாரம்பரியத் துணைவிதிகள் வகுத்து நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2010 திருத்தமே கூறுகிறது. கட்டடத்தின் உயரம், முகப்பு, கழிவுநீர் வசதி ஆகியவற்றை அவ்விடத்துக்கு ஏற்ப அவற்றில் வரையறுக்கலாம். பட்டியலில் உள்ள சின்னங்கள் 3,600-க்கும் அதிகம். நிலைக்குழு அறிக்கை அளித்த காலத்தில், அவற்றில் மிகச் சிலவற்றுக்கே துணைவிதிகள் தயாராகியிருந்தன.