நீலச் சாயமே இல்லாமல் ஜொலிக்கும் நீலப் பட்டாம்பூச்சி... எப்படி?

மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் மார்ஃபோ பட்டாம்பூச்சியை ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. உலோகம் மாதிரி மின்னும் நீலச் சிறகு. ஆனால், அந்தச் சிறகை நன்றாகப் பொடித்தால் நீலம் காணாமல் போய்விடும். மிஞ்சுவது பழுப்புத் தூள்தான். காரணம், அதில் நீல நிறமியே கிடையாது!

அப்போ நீலம் எங்கிருந்து வருது?

பட்டாம்பூச்சியைப் பிடித்தால் விரலில் ஒரு பொடி ஒட்டுமே, அதுதான் செதில். மார்ஃபோவின் ஒவ்வொரு செதிலிலும் வரிவரியாக மேடுகள் உள்ளன. ஒவ்வொரு மேட்டிலும் கைட்டின் என்ற பொருளும் காற்றும் மாறி மாறி அடுக்கப்பட்டுள்ளன. ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடைவெளி சுமார் 200 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் இப்படி நூற்றுக்கணக்கான அடுக்குகளை வைத்துவிடலாம்.

வெளிச்சம் விழும்போது ஒவ்வோர் அடுக்கும் அதில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். திரும்பி வரும் அலைகளில் நீல அலைகள் மட்டும் ஒன்றோடு ஒன்று சேர்ந்து வலுப்பெறும். மற்ற நிறங்கள் அப்படிச் சேராததால் மங்கிவிடும். பள்ளியில் படித்த ‘குறுக்கீட்டு விளைவு’ இதுதான். அடுக்குகளைத் தாண்டி உள்ளே போகும் வெளிச்சத்தை அடியில் இருக்கும் கறுப்பு நிறமியான மெலனின் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் நீலம் இன்னும் பளிச்சுனு தெரியும். மழைநாளில் ரோட்டில் சிந்திய பெட்ரோல், சோப்புக் குமிழி ஆகியவற்றின் வண்ணங்களுக்குப் பின்னாலும் இதே இயற்பியல்தான்.

ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டால்?

நீலச் சிறகு பச்சையாகிவிடும்! காற்று இருந்த இடைவெளிகளை ஆல்கஹால் நிரப்பிவிடுவதால், வலுப்பெறும் அலையும் மாறிவிடுகிறது. ஆல்கஹால் ஆவியானதும் பழைய நீலம் திரும்பிவிடும். மயிலிறகை நனைத்தால் அதன் நிறம் மறைவதை 1665-லேயே ராபர்ட் ஹூக் தன் ‘மைக்ரோகிராஃபியா’ நூலில் எழுதியிருக்கிறார்.

இதனால் நமக்கு என்ன?

நிறத்துக்கு நாம் கொடுக்கும் விலை திருப்பூருக்குத் தெரியும். நொய்யலில் சாயக்கழிவு கலந்த விவகாரத்தில், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயமே இல்லாமல் துணிக்கு நிறம் கொடுக்க முடிந்தால்?

ஜப்பானின் டெய்ஜின் நிறுவனம் அதை முயன்று பார்த்தது. நைலான், பாலியஸ்டர் என 61 அடுக்குகள் கொண்ட ‘மார்ஃபோடெக்ஸ்’ இழையை உருவாக்கியது. சாயம் சேர்க்காமலே நிறம் வந்தது. ஆனால், சந்தையில் அது நிலைக்கலை. நானோ அளவு அடுக்குகளை மலிவாக, டன் கணக்கில் தயாரிப்பதுதான் இன்னும் பெரிய சவால்.

வெற்றி கிடைத்தால் சாயம் வெளுக்கும் கவலையும் குறையும். நிறமிகள் வெயிலில் சிதைந்துபோகும். அடுக்குகள் குலையாதவரை இந்த நிறம் போகாது. ஜெர்மனியின் மெஸ்ஸல் பகுதியில் கிடைத்த, சுமார் 4.7 கோடி ஆண்டுகள் பழமையான அந்துப்பூச்சிப் புதைபடிவங்களில்கூட இத்தகைய அடுக்குகள் அழியாமல் இருக்கின்றன.

அடுத்த முறை மினுமினுக்கும் பட்டாம்பூச்சியைப் பார்த்தால், கொஞ்சம் நகர்ந்து வேறு கோணத்தில் பாருங்க. நிறம் மாறினால் அது அடுக்குகளின் வேலை. கையால மட்டும் தொடாதீங்க. உதிர்ந்த செதில் மறுபடி முளைக்காது!