எலுமிச்சைத் தளிரில் வெள்ளிக் கோடு

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் கொல்லைப்புறங்கள் குறைந்துவிட்டன. ஆயினும் மாடித் தொட்டியிலாவது ஓர் எலுமிச்சை வளர்ப்போர் உண்டு. புதுத் தளிரில் வெள்ளிக் கோடுகள் நெளிந்து நெளிந்து விழுவதையும், இலை சுருள்வதையும் அவர்கள் பார்த்திருப்பார்கள்.

இது இலைத்துளைப்பான் என்னும் சிறு அந்துப்பூச்சியின் வேலை. சிறகை விரித்தாலும் இதன் அகலம் சில மில்லிமீட்டர்தான். வெள்ளி நிறம், முன்சிறகின் நுனியில் கறுப்புப் புள்ளி காணப்படும். தாய்ப்பூச்சி இரவில் தளிரில் முட்டையிடும். புழு இலைத்தோலுக்கு அடியில் சுரங்கம் அறுத்துச் சாற்றை உண்ணும். கோட்டின் நடுவே தெரியும் கரிய இழை அதன் எச்சமே. பிறகு இலையோரத்தை மடித்து, அதனுள் கூட்டுப்புழுவாகும்.

கல்கத்தாவில் கிடைத்த பூச்சியை வைத்து 1856இல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர் இதற்குப் பெயரிட்டார். 1993இல் இது அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் பரவியது. இதன் நெருங்கிய உறவுப் பூச்சி ஒன்று ஐரோப்பாவில் வில்லோ மரத்தின் இலைகளை இவ்வாறே அறுக்கிறது.

கோடு விழுந்த இலைகளைக் கிள்ளி எறிவது பலரது வழக்கம். அது வேண்டாம். அந்த இலையின் பச்சைப் பகுதி மரத்துக்கு இன்னும் உணவு தயாரிக்கிறது. கிள்ளினால் புதுத் தளிர் கிளம்பும். அதுவே பூச்சிக்கு விருந்து. முற்றிய இலையை இது தாக்குவதில்லை. ஆகவே வளர்ந்த மரத்துக்கு மருந்து தேவையில்லை. கடும் பூச்சிமருந்து, புழுவை அழிக்கும் சிறு குளவிகளையும் கொன்றுவிடும்.

இளங்கன்றுகளைக் காப்பது அவசியம். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டவும். சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, தளிர் விடும்போது மாலையில் தெளிக்கவும். தழைச்சத்து உரத்தை அளவோடு இடவும். அடிமரத்தில் கிளம்பும் நீர்ப்போத்துகளை அகற்றவும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். புழு அறுத்த வழியே பாக்டீரியா சொறிநோய் எளிதில் புகும். இலையிலும் காயிலும் மஞ்சள் வளையத்துடன் சொரசொரப்பான புள்ளி கண்டால், அந்தக் குச்சியை மழை ஓய்ந்த நாளில் வெட்டி எரித்துவிடவும். பின்னர் லிட்டருக்கு 3 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து தெளிக்கவும். வெள்ளிக் கோட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். சொறியைப் பொறுக்கக் கூடாது.