கண்ணும் சாலையில், மனமும் சாலையில்

பல பேருந்துகளில் ஓட்டுநரின் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு வாசகம் இருக்கும். "ஓட்டுநருடன் பேசாதீர்கள்" என்று எழுதியிருக்கும். நீங்களும் அதை எழுத்துக் கூட்டிப் படித்திருப்பீர்கள். ஏன் அப்படி எழுதினார்கள்?

பேருந்து ஓடும்போது ஓட்டுநர் பலவற்றைக் கவனிக்க வேண்டும். எதிரே லாரி வரும். குறுக்கே மாடு வரும். பள்ளிக்கூடம் விட்டதும் குழந்தைகள் ஓடி வருவார்கள். அவருக்கு இருப்பது ஒரே மனம். அந்த மனம் பேச்சில் போய்விட்டால் சாலையை யார் பார்ப்பது?

இது பேருந்துக்கு மட்டும் அல்ல. ஆட்டோ, டிராக்டர், மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற எல்லோருக்கும் பொருந்தும்.

கவனம் எப்படிச் சிதறுகிறது?

முதலாவது, கண். சாலையோர விளம்பரத்தை வேடிக்கை பார்ப்பது.

இரண்டாவது, கை. ஓட்டிக்கொண்டே பீடி பற்ற வைப்பது, நழுவும் மூட்டையைப் பிடிப்பது.

மூன்றாவது, மனம். கண் சாலையில் இருக்கும். நினைப்பு கடன் தவணையில் இருக்கும்.

செல்போன் இந்த மூன்றையும் பறித்துக்கொள்கிறது. எண்ணைப் பார்க்கக் கண் வேண்டும். பிடிக்கக் கை வேண்டும். பதில் சொல்ல மனம் வேண்டும். சிலர் ஹெல்மெட்டுக்குள் செல்போனைச் செருகிக்கொண்டு பேசுகிறார்கள். கைதான் சும்மா இருக்கிறது. மனம் சும்மா இல்லை. பேச்சில் மூழ்கியவருக்கு எதிரே இருப்பதுகூடத் தெரியாமல் போகும்.

ஒரு நொடியில் எவ்வளவு தூரம்?

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 36 கிலோமீட்டர் என்றால் 36,000 மீட்டர். ஒரு மணி நேரத்துக்கு 3,600 நொடி. வகுத்துப் பாருங்கள். ஒரு நொடிக்கு 10 மீட்டர் வரும்.

செல்போனில் வந்த செய்தியைப் படிக்க 4 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வண்டி 40 மீட்டர் போய்விடும். நடந்து போனால் ஐம்பது எட்டு வைக்க வேண்டிய தூரம் அது. அவ்வளவு தூரமும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியது போலத்தான். நடுவில் ஒரு குழந்தை வந்தால் என்ன ஆகும்?

2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். இது மத்திய அரசின் கணக்கு. நாள் ஒன்றுக்குச் சுமார் 460 பேர். அதிக வேகமே பெரிய காரணம். கவனம் சிதறுவதும் ஒரு காரணம். இறந்தவர்களில் நடந்து போனவர்களும் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988ஆம் ஆண்டில் வந்தது. 2019இல் அதைத் திருத்தினார்கள். செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டுவது ஆபத்தாக ஓட்டும் குற்றம். முதல் முறைக்கு 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையும் கிடைக்கலாம்.

என்ன செய்யலாம்?

வண்டியை எடுக்கும் முன் செல்போனைப் பையில் வையுங்கள். அவசரமாகப் பேச வேண்டுமா? சாலையை விட்டு ஓரமாக வண்டியை நிறுத்திப் பேசுங்கள். டிராக்டரில் பாட்டை அலற விடாதீர்கள். பின்னால் வரும் வண்டியின் ஹார்ன் கேட்காது. தூக்கம் வந்தால் நிறுத்தி ஓய்வெடுங்கள்.

வண்டி ஓட்டத் தெரியாதவருக்கும் இதில் பங்கு உண்டு. பின்னால் உட்கார்ந்திருப்பவர், "நிறுத்திவிட்டுப் பேசுங்கள்" என்று சொல்லலாம். வீட்டிலிருந்து போன் செய்பவர் முதலில், "வண்டியிலா இருக்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். ஆம் என்றால் உடனே வைத்துவிட வேண்டும். எவ்வளவு பெரிய செய்தியாக இருந்தாலும் அவர் வீடு வந்து சேர்ந்த பிறகு சொல்லலாம்.

குழுவில் பேசுங்கள்:

1. உங்கள் ஊர்ச் சாலையில் வண்டி ஓட்டுபவரின் கவனத்தைக் கெடுப்பவை எவை?

2. மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் எத்தனை மீட்டர் போகும்?