ஒரு சொல்லுக்குள் அடங்காத பூடான்

அயல்நாடுகளைப் பற்றிய நம் எண்ணத்தை ஒருகாலத்தில் பாடநூல்களும் நாளிதழ்களும் வடிவமைத்தன. இன்று அந்த இடத்தைப் பயண வலைப்பதிவுகளும் காணொளிகளும் பிடித்துவிட்டன. அவை காட்டும் காட்சிகளைவிட, கையாளும் சொற்களே நம் மனதில் நெடுநாள் தங்குகின்றன என்று கருதுகிறேன். ஆகவே, அச்சொற்களைச் சற்று நிறுத்திப் பார்ப்பது நல்லது.

பூடான் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அந்நாட்டைப் பற்றிய பதிவுகளில் மூன்று புகழுரைகளை மீண்டும் மீண்டும் காண்கிறேன்: மகிழ்ச்சியான நாடு, காலம் உறைந்த நாடு, மரபு மாறாத மக்கள்.

முதலில் மகிழ்ச்சி. 'மொத்த தேசிய மகிழ்ச்சி' என்பது 1970-களில் மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக் முன்வைத்த ஆட்சிக் கொள்கை. அதற்கு ஏற்ற சூழலை உருவாக்க அரசு பாடுபட வேண்டும் என்கிறது 2008-ஆம் ஆண்டு அரசியல் சாசனம். அதாவது, அது அரசுக்கு விதிக்கப்பட்ட கடமை. மக்களுக்கு வழங்கப்பட்ட சான்றிதழ் அன்று. 2019-ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கையில் பூடானுக்குக் கிடைத்த இடம் 95. வேலை தேடியும் படிப்புக்காகவும் இளைஞர்கள் பெருமளவில் ஆஸ்திரேலியா செல்வது அங்கு இன்று பெரும் கவலை. இலக்கை நிலவரமாகச் சொல்லும்போது இந்தக் கவலை கண்ணில் படாமல் போகிறது.

அடுத்தது, உறைந்த காலம். குன்லுன் மலைப் பள்ளத்தாக்கில் மூப்பு எளிதில் அண்டாத 'ஷாங்ரி-லா' என்ற இடத்தை 1933-இல் தம் நாவலில் கற்பனை செய்தார் ஜேம்ஸ் ஹில்டன். அந்தக் கற்பனைப் பெயர்தான் 'கடைசி ஷாங்ரி-லா' என்று பூடானுக்குச் சூட்டப்பட்டது. சீனாவோ 2001-இல் யுன்னான் மாகாணத்தின் ஒரு பகுதிக்கு அப்பெயரையே அதிகாரபூர்வமாக வைத்துக்கொண்டது. உண்மையில், பூடானில் 1999-இல் தொலைக்காட்சியும் இணையமும் வந்தன. 2008-இல் மன்னராட்சியிலிருந்து தேர்தல் முறைக்கு நாடு மாறியது. அதன் நீர்மின்சாரம் இந்தியாவுக்கு விற்கப்படுகிறது. ஒரே தலைமுறையில் இத்தனை மாற்றங்களைக் கண்டவர்களை 'உறைந்தவர்கள்' என்பது, அவர்களுக்கு வரலாறே இல்லை என்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவதுதான் மிகவும் வலி தருவது. பதிவர்கள் வியக்கும் 'கோ', 'கிரா' உடைகள் மரபு மட்டுமல்ல, அரசாணையும்கூட. 1989-இல் அவ்வுடை விதி, நேபாள மொழி பேசும் தென்பகுதி மக்களான லோட்சாம்பாக்கள் மீதும் கண்டிப்புடன் திணிக்கப்பட்டது. பள்ளிகளில் நேபாள மொழிப் பாடம் நிறுத்தப்பட்டது. 1985-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டப்படி 1958-இல் அங்கு வாழ்ந்ததற்கான ஆவணம் காட்ட இயலாத பலர் குடியுரிமை இழந்தனர். 1990-களின் தொடக்கத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் நேபாள முகாம்களில் அகதிகளாயினர். அவர்களில் பெரும்பாலோர் பின்னர் அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் குடியமர்த்தப்பட்டனர். இன்றும் சுமார் எட்டு லட்சம் மக்களே வாழும் நாட்டில் இது எத்தகைய இழப்பு என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பதிவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் கூறவில்லை. சில நாள் பயணம், வழிகாட்டி அழைத்துச் செல்லும் இடங்கள், பார்வையாளரை ஈர்க்க வேண்டிய தலைப்பு ஆகியவற்றுக்கிடையே ஆயத்தமாகக் கிடைக்கும் அடைமொழிகளை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால், ஒரு நாட்டை விட்டு விரட்டப்பட்டவர்களை அந்நாட்டின் சித்திரத்திலிருந்தும் அச்சொற்கள் நீக்கிவிடுகின்றன.

நம் நாட்டை 'வண்ணமயமான குழப்பம்' என்று அயல்நாட்டவர் ஒரே தொடரில் முடிக்கும்போது நமக்கு எரிச்சல் வருகிறது. அதே அளவுகோலை நம் பதிவர்களுக்கும் நாம் பொருத்த வேண்டும். 'இம்மக்கள் மகிழ்ச்சியானவர்கள்' என்பதற்குப் பதில், 'நான் இரண்டு நகரங்களில் ஐந்து நாள் தங்கினேன், இன்னாருடன் பேசினேன், அவர்கள் இப்படிச் சொன்னார்கள்' என்று பதிவர் சொல்லட்டும். அப்படிச் சொன்னால், அவர் பார்க்காத பூடானும் உண்டு என்பது கேட்பவருக்கு விளங்கும்.