சுயாதீன முறையில் பெருஞ்செலவு நிகழ்பட ஆட்ட உருவாக்கம்

சுயாதீன முறையில் பெருஞ்செலவு நிகழ்பட ஆட்ட உருவாக்கம் என்பது, பெரிய வெளியீட்டு நிறுவனம் எதனுடைய உரிமையிலும் இல்லாத ஒரு குழு, மிகுந்த செலவும் ஆள்பலமும் வேண்டும் நிகழ்பட ஆட்டம் ஒன்றைத் தன் பொறுப்பில் உருவாக்குவதைக் குறிக்கும். நிகழ்பட ஆட்டம் பேச்சுவழக்கில் வீடியோ கேம் எனப்படுகிறது. இம்முறையில் வெற்றி பெற்ற ஆட்டங்கள் உள்ளன. எனினும் அவற்றுள் பெரும்பாலானவை அவற்றை உருவாக்கிய குழுக்களின் முதல் ஆட்டங்கள் அல்ல. சிறிய ஆக்கங்களில் ஈட்டிய வருவாயும் பட்டறிவுமே பெரிய ஆக்கத்துக்கு அடிப்படையாக அமைந்துள்ளன.

சொற்பொருள்

பெருஞ்செலவு ஆட்டங்கள் துறையினரால் டிரிப்பிள்-ஏ ஆட்டங்கள் என்றும், சுயாதீன ஆட்டங்கள் இண்டி ஆட்டங்கள் என்றும் அழைக்கப்படுகின்றன. இவை ஒன்றுக்கொன்று எதிர்ச்சொற்கள் அல்ல. முதலாவது செலவின் அளவைக் குறிக்கிறது. இரண்டாவது, ஆட்டத்தின் உரிமையும் அதன் இழப்பும் யாரைச் சேரும் என்பதைக் குறிக்கிறது. வழமையான முறையில் வெளியீட்டு நிறுவனம் முன்பணம் தந்து, பெரும்பாலும் உரிமையையும் தன்னிடம் வைத்துக்கொள்ளும். ஆட்டம் தோல்வியுற்றால் இழப்பும் அந்நிறுவனத்தையே சேரும். சுயாதீன முறையில் உரிமை, இழப்பு ஆகிய இரண்டும் உருவாக்கிய குழுவையே சேர்கின்றன.

செலவின் தன்மை

நிகழ்பட ஆட்டத்தின் செலவில் பெரும்பகுதி ஊதியம் ஆகும். நிரலாளர், ஓவியர், இயங்குபடக் கலைஞர், ஒலி வடிவமைப்பாளர், சோதனையாளர் எனப் பலர் பல ஆண்டுகள் பணியாற்ற வேண்டியுள்ளது. 2023 இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் தாக்கல் செய்யப்பட்ட ஆவணங்களின்படி, சோனி நிறுவனத்தின் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பகுதி 2 என்னும் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 22 கோடி டாலர் செலவானது.

இச்செலவை ஒரு கணக்கால் விளக்கலாம். ஊதியம், இடம், கருவிகள் உட்பட ஒருவருக்கு மாதம் 1 இலட்சம் ரூபாய் செலவாகும் எனக் கொள்வோம். 10 பேர் 3 ஆண்டுகள் பணியாற்றினால் 360 ஆள்-மாதங்கள், அதாவது 3.6 கோடி ரூபாய் ஆகும். 200 பேர் 5 ஆண்டுகள் பணியாற்றினால் 12,000 ஆள்-மாதங்கள், அதாவது 120 கோடி ரூபாய் ஆகும்.

ஒரு படியின் விலை 500 ரூபாய் என்றும், இணையக் கடை 30 விழுக்காட்டைக் கழித்துக்கொள்ளும் என்றும் கொண்டால், வரிகள் நீங்கலாகக் குழுவுக்கு 350 ரூபாய் கிடைக்கும். முதல் குழு தன் முதலை மீட்க ஏறத்தாழ 1.03 இலட்சம் படிகளையும், இரண்டாம் குழு ஏறத்தாழ 34 இலட்சம் படிகளையும் விற்க வேண்டும். முதல் படி விற்பனையாவதற்கு முன்பே இச்செலவு முழுவதும் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

கருவிகளின் விலை இன்று பெரிய தடையன்று. அன்ரியல் என்ஜின் என்னும் ஆட்டப் பொறி 2015 முதல் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஓர் ஆட்டத்தின் மொத்த வருவாய் 10 இலட்சம் டாலரைத் தாண்டிய பின்னரே அதற்கு உரிமைத்தொகை செலுத்த வேண்டும். முப்பரிமாண உருவங்களை அமைக்க உதவும் பிளெண்டர் ஒரு கட்டற்ற மென்பொருள் ஆகும். எனவே மலிவாகாமல் எஞ்சியிருப்பது மனித உழைப்பே எனலாம்.

உலக எடுத்துக்காட்டுகள்

பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டுடியோஸ் 1996 இல் தொடங்கப்பட்டது. இந்நிறுவனம் 2013 இல் டிவினிட்டி: ஒரிஜினல் சின் ஆட்டத்துக்காகப் பொதுமக்களிடம் கூட்டுநிதியாக 9 இலட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. பின்னர் பால்டர்ஸ் கேட் 3 ஆட்டத்தின் ஒரு பகுதியை மட்டும் 2020 இல் விலைக்கு வெளியிட்டது. முழுமையடையாத ஆட்டத்தை இவ்வாறு விற்பது முன்னணுகல் வெளியீடு எனப்படும். முழு ஆட்டம் 2023 இல் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. அப்போது நிறுவனத்தின் வயது 27 ஆண்டுகள்.

சீனாவின் கேம் சயன்ஸ் நிறுவனம் முதலில் கைப்பேசி ஆட்டங்களை வெளியிட்டது. 2024 இல் அது தானே வெளியிட்ட பிளாக் மித்: வூகோங், மூன்று நாட்களில் 1 கோடி படிகள் விற்றதாக அறிவிக்கப்பட்டது.

இங்கிலாந்தின் நிஞ்சா தியரி, ஏறத்தாழ 20 பேர் கொண்ட குழுவால் ஹெல்பிளேட் ஆட்டத்தை உருவாக்கி 2017 இல் வெளியிட்டது. காட்சித்தரம் உயர்வாக வைக்கப்பட்டு, ஆட்டத்தின் நீளமும் விலையும் குறைக்கப்பட்டன. மூன்று மாதங்களில் 5 இலட்சம் படிகள் விற்று ஆட்டம் இலாபம் ஈட்டியது. எனினும் 2018 இல் நிறுவனத்தை மைக்ரோசாப்ட் வாங்கியது.

2025 இல் வெளிவந்த கிளேர் ஆப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33 இவ்வரிசையில் ஒரு விதிவிலக்கு ஆகும். இது பிரான்சின் சேண்ட்ஃபால் நிறுவனத்தின் முதல் ஆட்டம். மையக் குழுவில் ஏறத்தாழ 30 பேரே இருந்தனர். ஆயினும் இதற்கு வெளியீட்டாளரின் துணையும் வெளி ஒப்பந்தக் கலைஞர்களின் உழைப்பும் இருந்தன.

இந்திய, தமிழ் முயற்சிகள்

இந்திய ஆட்டத் துறை பெரும்பாலும் பிறருக்கான ஒப்பந்தப் பணியில் வளர்ந்தது. பெங்களூரில் 1997 இல் தொடங்கப்பட்ட துருவா இன்டராக்டிவ், வெளிநாட்டு ஆட்டங்களுக்கு ஓவியப் பணி செய்து புகழ்பெற்றது. 2019 இல் அதனை ராக்ஸ்டார் கேம்ஸ் வாங்கியது. ஒப்பந்தப் பணியில் ஊதியம் உறுதி. ஆனால் ஆட்டத்தின் உரிமை பணி தந்தவரையே சேரும்.

புனேயின் நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் வேறு வழியைத் தேர்ந்தது. அதன் ராஜி: ஆன் ஏன்சியன்ட் எபிக் ஆட்டத்துக்காக 2017 இல் நடந்த கூட்டுநிதி முயற்சி இலக்கை எட்டவில்லை. நிறுவனர்களுள் ஒருவர் தம் வீட்டை விற்றுப் பணியைத் தொடர்ந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. பின்னர் எப்பிக் கேம்ஸ் நிறுவனத்தின் நல்கை கிடைத்தது. 2020 இல் வெளிவந்த இவ்வாட்டம், தி கேம் அவார்ட்ஸ் விழாவின் சிறந்த முதல் ஆட்டப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டது. கதையின் சில பகுதிகள் தோற்பாவைக் கூத்தின் பாணியில் சொல்லப்பட்டிருப்பது இதன் சிறப்பு.

கனடாவின் டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023 இல் வெளியிட்ட வெண்பா, 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையைச் சமையல் வழியே சொல்கிறது. ஒரே அமர்வில் ஆடி முடிக்கக்கூடிய சிறிய ஆட்டம் இது. 2024 இல் சுயாதீன ஆட்டங்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் முதன்மை விருதையும், சிறந்த முதல் ஆட்டத்துக்கான பாஃப்டா விருதையும் பெற்றது. பெருஞ்செலவின்றியே உலகக் கவனத்தைப் பெற முடியும் என்பதற்கு இது சான்றாகும்.

தென்சென்னைப் புறநகருடன் ஒப்பீடு

தாம்பரம் ஏற்றுமதி மண்டலம், தரமணி டைடல் பூங்கா, சிறுசேரி சிப்காட் ஆகியவற்றைக் கொண்ட தென்சென்னைப் பகுதியில் நிரலாளர்களுக்குக் குறைவில்லை. வெளி முதலீடு பெறாமல் பெரிய மென்பொருளை உருவாக்கிய எடுத்துக்காட்டும் இங்கேயே உள்ளது. தாம்பரத்துக்குத் தெற்கே, கூடுவாஞ்சேரி அருகில் தலைமையகம் கொண்ட சோகோ நிறுவனம் 1996 இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கப்பட்டது. பிணைய மேலாண்மை மென்பொருள் விற்பனையில் ஈட்டிய வருவாயைக் கொண்டே, 2005 முதல் சோகோ என்னும் பெயரில் இணையவழிச் செயலிகளை வெளியிட்டது.

இவ்வழியை நிகழ்பட ஆட்டத்துக்கு அப்படியே பொருத்த இயலாது. அலுவலகச் செயலி குறைவான வசதிகளுடன் வெளிவந்து, சந்தா வருவாயைக் கொண்டு பின்னர் வளரலாம். கதை சார்ந்த ஆட்டமோ பெரும்பாலும் ஒருமுறை மட்டுமே வாங்கப்படுகிறது. முதல் வாரத்தில் ஏமாற்றமடைந்த ஆட்டக்காரர் மீண்டும் வருவது அரிது. கூட்டுநிதி, முன்னணுகல் வெளியீடு, முந்தைய சிறு ஆட்டங்களின் வருவாய் ஆகியன இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பும் வழிகளாகும்.

இடர்கள்

கூட்டுநிதி மட்டுமே ஆட்டத்தை முடித்துத் தராது. 2012 இல் நிதி திரட்டத் தொடங்கிய ஸ்டார் சிட்டிசன், 2022 இல் 50 கோடி டாலரைத் தாண்டிய பின்னரும் முழுமையாக வெளிவரவில்லை. மறுபுறம், பணம் தீர்ந்து பாதியில் நின்ற ஆட்டத்தை விற்க முடியாது. பாதி கட்டிய வீட்டுக்கு இருக்கும் மதிப்புக்கூட அதற்கு இருப்பதில்லை.

குடும்பச் சேமிப்பையோ வீட்டையோ முதலாக வைப்பவருக்கு இவ்வேறுபாடு முக்கியமானது. ராஜி ஆட்டத்தின் வரலாறு துணிவுக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. ஆனால் அதே துணிவுடன் தொடங்கி முடிவடையாத ஆட்டங்கள் வெளியே தெரிவதில்லை என்பதையும் சேர்த்தே அவ்வரலாற்றை மதிப்பிட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

நிகழ்பட ஆட்டம்
கட்டற்ற மென்பொருள்
கூட்டுநிதி திரட்டல்
வெண்பா (நிகழ்பட ஆட்டம்)