புலவர் பாடிய பண்டம்

எடின்பரோ நகரில் யான் உண்ட உணவகத்தில் மேசைவிரிப்பும் இல்லை, படாடோபமும் இல்லை. உணவுப் பட்டியலில் ‘நீப்ஸ்’, ‘டற்றீஸ்’ என ஸ்கொட்லாந்து வழக்குச் சொற்களே நாணமின்றி நின்றன. மஞ்சள்நிறக் கிழங்கு மசியலும் உருளைக்கிழங்குமே அவை. அவற்றோடு வருவது ஹகிஸ். ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் ஆகியவற்றை ஓட்சு, கொழுப்பு, வெங்காயத்தோடு இரைப்பையில் அடைத்து அவிப்பது பழைய முறை. இவ்வெளிய பண்டத்தை 1786இல் றொபேட் பேர்ன்ஸ் தம் தாய்மொழியில் விளித்துப் பாடினார். அவர் பிறந்த நாளாகிய ஜனவரி 25இல் நடைபெறும் விருந்துகளில், அப்பாட்டைச் சொல்லியே இன்றும் அதனைக் கத்தியாற் பிளக்கின்றனர்.

சைவனாகிய யான் என்செய்வேன்? மரக்கறி ஹகிஸும் உண்டென்றார் பரிமாறிய இளைஞர். பருப்பும் ஓட்சும் மரக்கறியும் மிளகும் சேர்ந்த அதுவும் கவிதையின் கொடையே. 1984இல் ஸ்கொட்லாந்துக் கவிதை நூலகத் திறப்பு விழாவுக்காக மக்ஸ்வீன் என்னும் இறைச்சி வணிகர் ஆக்கியது அது. இன்னுமொரு கரண்டி கேட்டு வாங்கினேன்.