பூந்தொட்டிக்கு மருந்தடிக்கும் முன்

நந்தியாவட்டையோ அரளியோ வைத்த தொட்டியைச் சுற்றி மிளகு சிந்தியது போல எச்சம் கிடந்தால், குனிந்து இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு இருக்கும். தலைப்பக்கம் இரண்டு நீலக் கண் புள்ளிகள். அரளி அந்துப்பூச்சியின் புழு அது. இரண்டு மூன்று ராத்திரி விட்டால் சின்னச் செடியை மொட்டையாக்கிவிடும். லில்லித் தொட்டியில் கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்ட புழுக்கள் கூட்டமாக இருந்து குருத்தைக் குடையும். பார்த்ததும் பதறி, கடைக்குப் போய் "நல்லா கேட்கிற மருந்தா குடுங்க" என்கிறோம். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

நிக்கோபாரின் கட்சால் தீவில் இருப்பவர்கள் இதை இரண்டு மடங்கு யோசிக்க வேண்டும். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து, ரப்பர் தோட்ட வேலைக்காகக் குடியமர்த்தப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் ஊர் அது. பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் போர்ட் பிளேருக்குத்தான் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) போக வேண்டும்; நடுவே கடல். பிள்ளை பூச்சிமருந்தைக் குடித்துவிட்டால் கப்பலுக்குக் காத்திருக்க முடியுமா? தொட்டிச் செடி வாசலில், திண்ணையில், பிள்ளைகள் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. அடித்த மருந்தை மழை கழுவினால் மண்ணுக்கும் ஓடைக்கும் போகும். சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் மீனுக்கும் தேனீக்கும் கொடிய நஞ்சு.

1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் தயாரிப்பவர், விற்பவர் போன்றவர்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. சொந்த வீட்டுத் தேவைக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் பயன்படுத்துபவருக்கு 38-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. உங்கள் வாசலில் என்ன அடிக்கிறீர்கள் என்று எந்த அதிகாரியும் வந்து பார்க்கமாட்டார். அதனால் லேபிள் ஒன்றுதான் உங்களுக்குக் காவல். அதிலுள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதியில் நிறம் இருக்கும். சிவப்பு கொடிய விஷம். அடுத்து மஞ்சள், நீலம். பச்சைதான் இருப்பதில் குறைந்தது. சிவப்பும் மஞ்சளும் பூந்தொட்டிக்கு வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

உரிமம் உள்ள கடையில், சீல் உடையாத டப்பாவாக, உற்பத்தித் தேதியும் காலாவதித் தேதியும் பார்த்து வாங்குங்கள். விஷமுறிவு விவரம் அச்சிட்ட துண்டுத்தாளும் உள்ளே இருக்க வேண்டும். பில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. தண்ணீர் பாட்டிலிலோ குவார்ட்டர் பாட்டிலிலோ ஊற்றித் தந்தால் வாங்காதீர்கள். அப்படி லேபிள் இல்லாமல் விற்பதே குற்றம். குளிர்பான பாட்டிலில் இருந்த மருந்தைப் பிள்ளை குடித்த செய்தியை எத்தனை முறை படித்துவிட்டோம்! பரணில் கிடக்கும் பழைய புட்டிகளையும் ஒருமுறை பாருங்கள். டைக்குளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டது. எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் 2011-லேயே தடுத்தது. இவை இருந்தால் ஓடையிலோ கடலிலோ ஊற்றாமல், வேளாண் துறை அலுவலகத்தில் கேட்டு ஒப்படையுங்கள்.

பத்துத் தொட்டிக்கு மருந்தே தேவைப்படாது. விடிகாலையிலும் இருட்டியபின் டார்ச் வைத்தும் இலையைத் திருப்பிப் பாருங்கள். புழுவைக் குச்சியால் தட்டி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். முட்டைக் குவியல் ஒட்டிய இலையைக் கிள்ளி எறியுங்கள். ரோஜா இலை ஓரத்தில் கத்தரியால் நறுக்கிய மாதிரி அரை வட்டங்கள் இருந்தால் விட்டுவிடுங்கள். கூடு கட்ட இலை வெட்டும் தேனீயின் வேலை அது. செடிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பளபளக்கும் கோழைத் தடம் தெரிந்தால் வந்தது நத்தை. அதற்குப் பூச்சிமருந்து அடித்துப் பயனில்லை; இரவில் பொறுக்கியெடுக்க வேண்டியதுதான், கையில் உறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ளுங்கள்.

மிஞ்சினால் வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, அது கலக்க ஒன்றிரண்டு மில்லி சோப்புக் கரைசல். மாலையில், இலையின் அடியில் படும்படி அடியுங்கள். வெயில் அதன் வீரியத்தைக் குறைத்துவிடும், மழை வந்தால் கழுவிவிடும். வானம் பார்த்து அடித்து, தேவைப்பட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி அடிக்கலாம். முதலில் இரண்டு இலையில் அடித்துப் பார்த்து, கருகவில்லை என்று தெரிந்தபின் முழுச் செடிக்கும் அடியுங்கள்.

போலி மருந்தோ காலாவதியானதோ தலையில் கட்டிவிட்டார்களா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை போர்ட் பிளேரில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்துக்கான ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. பில்லும் டப்பாவும்தான் சாட்சி, தூக்கிப் போடாதீர்கள்.

மருந்து உடம்பில் பட்டுவிட்டால் துணியைக் களைந்து, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். குடித்துவிட்டால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பல மருந்துகளில் பெட்ரோலியக் கரைப்பான் கலந்திருக்கும், வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போய்விடும். வியர்த்துக் கொட்டுவது, எச்சில் வடிவது, கண்மணி சுருங்குவது, மூச்சுத் திணறுவது எல்லாம் அபாய அறிகுறிகள். டெல்லி எய்ம்ஸ் விஷ முறிவுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117. இருபத்துநாலு மணி நேரமும் பேசலாம். ஆளைத் தூக்கிக்கொண்டு உடனே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடுங்கள். போகும்போது லேபிளோடு அந்த டப்பாவையும் எடுத்துப் போங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் மருத்துவர் எந்த மாற்று மருந்து கொடுப்பது என்று முடிவு செய்ய முடியும்.